கொசுவுக்குப் பயந்து மலையேறியவர்கள்

பழனியிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில் வரும் ஊர் ஆயக்குடி. ஊர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது கொய்யாப்பழம். தெற்கே தலையைத் திருப்பினால் பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். மலையடிவாரத்தில் வரதமாநதி அணை. அந்தப் பக்கம் சாயங்கால வேளையில் போனால் தூண்டிலும் மண்புழு டப்பாவுமாக உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்க்கலாம். கெண்டை, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மீன் நன்றாகக் கடிக்கிற நேரம் விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும். கொசு நன்றாகக் கடிக்கிற நேரமும் அதே நேரம்தான்! தூண்டில் போடுகிறவன் ஒரு கையால் மீனுக்குக் காத்திருந்து இன்னொரு கையால் கழுத்தில் அடித்துக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிற காட்சி.

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்த மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் என்று ஒரு ஊர் உண்டானதற்கே கொசு ஒரு முக்கியமான காரணம். அதைக் கட்டியவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் 1816-லிருந்தே பள்ளிக்கூடமும் மருத்துவமும் நடத்திக்கொண்டிருந்தவர்கள். லெவி ஸ்பால்டிங் என்பவர் முதலில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போக, அதே வருடம் ஹாய்சிங்டன், டாட் என்று இரண்டு பேர் குடும்பத்தோடு மதுரையில் குடியேறினார்கள். அடுத்த பத்து வருடம் அவர்களுக்குச் சோதனைக் காலம். காலரா ஒரு பக்கம், காய்ச்சல் ஒரு பக்கம். ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். இறந்தவர்களில் மனைவிமாரும் குழந்தைகளும் உண்டு.

எல்லாவற்றையும் கொசு தலையில் கட்டுவது நியாயமில்லை. காலரா தண்ணீரால் வருவது. ஆனால் "காய்ச்சல்" என்று அந்தக் காலத்துக் கடிதங்களில் வருவதில் பெரும் பங்கு மலேரியாதான் என்பது இன்று படிப்பவர்களுக்கு எளிதில் புரியும். விட்டு விட்டு வருவது, குளிரில் உடம்பு தூக்கிப் போடுவது, அப்புறம் வியர்த்துக் கொட்டி அடங்குவது, மறுபடி வருவது. நம் ஊர் மக்கள் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று இதைத்தான் சொன்னார்கள்.

அன்றைய மருத்துவம் இதற்குச் சொன்ன காரணம் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படுவதுதான். சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகின இலைகளிலிருந்தும் இரவில் ஒரு நச்சு ஆவி கிளம்புகிறது, அதைச் சுவாசித்தால் காய்ச்சல். ஆகவே என்ன செய்ய வேண்டும்? நல்ல காற்று இருக்கும் உயரத்துக்குப் போக வேண்டும்.

முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்தது சிறுமலை. திண்டுக்கல்லுக்குப் பக்கம், மதுரையிலிருந்தும் கிட்டம். அங்கே பங்களாக்கள் கட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் வந்தது! உயரம் போதவில்லை. கொசுவுக்கும் அதன் வயிற்றில் வளரும் கிருமிக்கும் சிறுமலை சௌகரியமான இடமாகவே இருந்தது. அதன் பிறகுதான் பழனி மலையின் உச்சிப் பக்கம் கண் போனது. 1821-லேயே லெப்டினன்ட் வார்டு என்ற சர்வே அதிகாரி அந்த மலைகளை அளந்திருந்தார். 1830-களில் மதுரையின் வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் செண்பகனூர் பக்கம் பங்களா போட்டிருந்தார்கள். 1845-ல் மிஷனரிகள் இரண்டு வீடுகள் கட்டி முடித்தார்கள். ஒன்றின் பெயர் சன்னிசைடு, இன்னொன்று ஷெல்டன். கொடைக்கானல் என்ற ஊரின் ஆரம்பம் அதுதான்.

இந்தியாவின் மலைவாசஸ்தலங்களைப் பற்றிச் சொல்லும்போது வெள்ளைக்காரத் துரைமார் வெயில் தாங்காமல் கட்டியது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கொடைக்கானல் விஷயத்தில் அது பாதிக்கதை. ஜாலிக்காகப் போனவர்கள் பிறகு வந்தார்கள். முதலில் போனவர்கள் உயிருக்குப் பயந்து போனவர்கள்.

சரி, தப்பான காரணத்தை நம்பிச் சரியான இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? விஷயம் இதுதான். மலேரியாக் கிருமி மனித ரத்தத்திலிருந்து கொசுவின் வயிற்றுக்குள் போய், அங்கே சில நாட்கள் வளர்ந்து முற்றினால்தான் அடுத்த ஆளுக்குப் பரவும். அந்த வளர்ச்சிக்குச் சூடு வேண்டும். ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்தக் கிருமி கொசுவுக்குள் முற்றுவதே இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே கொசு கடித்தாலும்கூட அது அரிப்போடு போய்விடும். நல்ல காற்று என்று அவர்கள் நினைத்தது உண்மையில் குளிர்ச்சி.

மேலே போய்ச் சேர்ந்தவர்கள் தப்பித்தார்கள். போகிற வழி?

அந்தப் பயணம் தனிக்கதை. 1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள் (இன்றைக்கும் அந்த ஸ்டேஷனுக்குக் கொடைக்கானல் ரோடு என்றுதான் பெயர்). அங்கிருந்து பெரியகுளம் பக்கம் மாட்டு வண்டியில் இராத்திரி முழுக்கப் பயணம். விடியும்போது மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் ஒற்றையடிப் பாதையில் குதிரையிலோ, டோலியிலோ, நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டோ ஏற்றம். 1910-களின் நடுவில் வத்தலக்குண்டு வழியாக லா துரை போட்ட மலைச்சாலை திறக்கிற வரைக்கும் இப்படித்தான்.

மலையடிவாரத்தில் இரவு தங்கக்கூடாது என்பது அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் பயணிகளிடம் இருந்த பயம். நீலகிரி அடிவாரக் காடு, இமயமலை அடிவாரத் தராய் எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்த விதி மூடநம்பிக்கை இல்லை. அடிவார ஓடைகளில், மெதுவாக ஓடுகிற தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் அனாபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்று ஒரு கொசு வகை உண்டு. மலேரியா பரப்புவதில் கெட்டிக்காரக் கொசு. சூடும் இருக்கிறது, ஓடையும் இருக்கிறது, ராத்தங்கும் மனிதனும் இருக்கிறான் என்றால் அதற்கு வேறென்ன வேண்டும்?

டோலியில் உட்கார்ந்தவர்கள் விடிந்ததும் மலையேறிப் போய்விட்டார்கள். டோலி தூக்கியவர்கள் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அதே அடிவாரத்தில்தான் படுத்தார்கள். மலைச்சாலைக்குக் கல் உடைத்தவர்களும் அங்கேதான் படுத்தார்கள். அவர்களுக்கு எத்தனை காய்ச்சல், எத்தனை சாவு என்று மிஷன் கடிதங்களைப் போல எழுதி வைக்க யாரும் இல்லை. சரித்திரத்தில் கணக்கு எழுதுவது யார் என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் யாருக்கு என்பது தெரிகிறது. (வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல!)

கொசுவிடமிருந்து தப்ப உயரமான இடத்துக்குப் போவது 1845-ல் கண்டுபிடித்த யோசனை இல்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ் தன் சரித்திர நூலின் இரண்டாம் பாகத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். சதுப்பு நிலத்துக்கு மேற்பகுதியில் வாழ்ந்த ஆட்கள் உயரமான கோபுரங்கள் கட்டி அதன்மேல் ஏறித் தூங்குவார்களாம். காற்றடிக்கிற உயரத்துக்குக் கொசுவால் பறக்க முடியாது. சதுப்பு நிலத்திலேயே இருந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. அவர்கள் பகலில் மீன் பிடித்த அதே வலையை ராத்திரி படுக்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே தூங்கினார்கள்! துணியைச் சுற்றிக்கொண்டால் துணிக்கு மேலேயே கடிக்கும் கொசு, வலைக்குள் வர முயற்சிகூடச் செய்யாது என்கிறார். மீன்வலையின் கண் கொசுவைவிடப் பெரிதாயிற்றே, எப்படித் தடுத்தது என்று பல பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண் சிறுத்த வலையாக இருந்திருக்கலாம். மீன்வாடையும் எண்ணெயும் ஏறின வலை என்பதால் இருந்திருக்கலாம். எப்படியோ, மீன் பிடிக்கப் போனவன்தான் கொசுவலைக்கு முதல் சாட்சி.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுக்க இலவசமாகக் கொடுத்த மருந்து தோய்த்த கொசுவலைகளைச் சில இடங்களில் ஏரிக்கரை மக்கள் மீன் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். தாங்கனிக்கா ஏரிப் பக்கம் இது பெரிய பிரச்சினை. கண் மிகச் சிறியது, மீன்குஞ்சு எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. வயிறு காய்ந்தவனிடம் காய்ச்சலைப் பற்றிப் பேசினால் எடுபடுமா?

கோபுரத்துக்கு நம் ஊர்ப் பதில் பரண். தினைப்புனத்தில் காவலுக்குப் பரண் கட்டுவது சங்க காலத்திலிருந்து உள்ள வழக்கம். காரணம் யானையும் பன்றியும் கிளியும்தான். ஆனால் பரணில் காற்றும், கீழே மூட்டிய தீயின் புகையும் கொசுவுக்கு எதிரி என்பது அங்கே படுத்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மாட்டுக் கொட்டகையில் சாயங்காலம் மூட்டம் போடுவது, நொச்சி இலையும் வேப்பிலையும் எரிப்பது, சாம்பிராணி போடுவது எல்லாம் இந்த வகைதான். நொச்சியை 2010-களில் சென்னை மாநகராட்சியே வீடு வீடாகக் கன்று கொடுத்து வளர்க்கச் சொன்னது. செடியை வளர்த்தாலே கொசு ஓடிவிடும் என்பது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை. இலையை எரித்தால்தான் ஏதாவது பலன்.

கொடைக்கானல் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து அந்த ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். சமவெளியில் புதிதாகத் தண்ணீர் தேக்கினால் காய்ச்சல் வரும். அதே காரியத்தை மலைமேல் செய்தபோது படகுச் சவாரியும் தூண்டிலும் வந்தன. சூடுதான் வித்தியாசம்.

இனி ரொனால்டு ராஸ். அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் வேலை பார்த்த ராணுவ டாக்டர். கொசுதான் மலேரியாவைக் கொண்டுபோகிறது என்று நிரூபிக்க அலைந்தவர். 1897-ல் விடுமுறையில் ஊட்டிக்கு வந்தவர் மலையடிவாரத்துச் சீகூர் காட்டுப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போனார். போன இடத்தில் அவருக்கே மலேரியா வந்துவிட்டது! அடிவாரத்து விதி டாக்டருக்கும் விலக்கில்லை. அங்கேதான் சிறகில் புள்ளி உள்ள, உட்காரும்போது வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருகிற வேறு மாதிரிக் கொசுவை அவர் கவனித்தார். அதே வருடம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் அப்படிப்பட்ட கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு. ஆகஸ்ட் 20 இன்றும் உலகக் கொசு தினம்.

ஆனால் வெட்டவெளியில் தங்குகிறவர்களுக்கு ராஸின் கண்டுபிடிப்பைவிட அதற்கு மூன்று வருடம் கழித்து இத்தாலியில் நடந்த சோதனைதான் சுவாரசியம். 1900-ல் பேட்ரிக் மேன்சனின் ஏற்பாட்டில் சாம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்கள் ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஓஸ்தியா என்ற மகா மோசமான மலேரியாப் பிரதேசத்தில் ஒரு மரக்குடிசை போட்டார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பிவலை. பகலில் இஷ்டம் போல ஊர் சுற்றலாம், மழையில் நனையலாம், சதுப்புக் காற்றை மூச்சு நிறைய இழுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பொழுது சாயும் முன் குடிசைக்குள் போய்விட வேண்டும், சூரியன் உதிக்கும் வரை வெளியே வரக்கூடாது. கொய்னா மாத்திரை கிடையாது. கோடையிலிருந்து அக்டோபர் வரை இருந்தார்கள். சுற்றுவட்டாரமே காய்ச்சலில் கிடந்தபோது இவர்களுக்கு ஒன்றுமில்லை. கெட்ட காற்றுக் கதை அந்தக் குடிசையில்தான் செத்தது. அதே காலத்தில் இத்தாலிய விஞ்ஞானி கிராஸி, கபாச்சோ சமவெளியில் 112 பேரை இப்படி மாலையும் இரவும் பாதுகாத்துப் பார்த்தார். ஐந்து பேருக்குத்தான் காய்ச்சல். பாதுகாப்பில்லாத 415 பேருக்கும் வந்தது.

இவ்வளவு தெரிந்தும் நம் கிராமங்களுக்கு வந்தது கம்பிவலை இல்லை, கொய்னாதான். வங்காளத்தில் 1892-லிருந்து தபாலாபீஸிலேயே காலணாப் பொட்டலமாக விற்றார்கள். நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்து, நடுவட்டத்தில் ஆலை வைத்து மருந்து எடுத்தார்கள். அது கடித்த பிறகு சாப்பிடுவது, கடியைத் தடுப்பது இல்லை. ஆகவே அதை இங்கே விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் கொசுவைத் தடுத்த சரித்திரத்தில் மறக்கக்கூடாத ஊர் ஒன்று உண்டு. பட்டுக்கோட்டை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. கல்லணைக் கால்வாய் வெட்டி (அந்தப் பக்கம் புதாறு என்பார்கள்) வறண்டு கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்தது, நெல் வந்தது, கூடவே மலேரியாவும் வந்தது. கரை போட மண் எடுத்த குழிகள், கால்வாய்க் கசிவு, புதிதாக நட்ட வயல் என்று எங்கே பார்த்தாலும் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற சமவெளிக் கொசு பெருகியது. தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாக ஏங்கிய விவசாயி, தண்ணீர் வந்தபோது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கொடைக்கானலுக்கு ஓடுகிற வசதி அவனுக்கில்லை.

அங்கே வந்து ஆராய்ச்சி நிலையம் போட்டவர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல். கூட ஃப்ரெட் நைப் என்ற இன்ஜினியர். குழிகளையும் வயல்களையும் எல்லாம் மூட முடியாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆகவே வேறு வழி. ரத்தம் குடித்த கொசு நகர முடியாமல் வீட்டுச் சுவரிலும் கூரையிலும்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே வைத்தே கொல். பைரெத்ரம் என்ற பூவின் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து வீடுகளுக்குள் வாரா வாரம் அடித்தார்கள். 1930-களின் கடைசியில் நடந்த இந்தச் சோதனையில், ஏழைக் கிராமத்துக்கும் கட்டுப்படியாகும் செலவில் மலேரியாவைக் குறைக்க முடியும் என்று காட்டினார்கள். பின்னால் டி.டி.டி. வந்து உலகம் முழுக்க வீட்டுச் சுவரில் மருந்தடித்ததற்கு முன்னோடிகளில் ஒன்று நம் பட்டுக்கோட்டைக் கூரை வீடுகள். அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

பைரெத்ரம் சாமந்தி இனத்துப் பூ. பார்க்க வெள்ளையாக, சாதுவாக இருக்கும். இந்தியாவில் காஷ்மீரிலும் நீலகிரியிலும் பயிரிட்டார்கள். இதையே ஜப்பானில் உயேமா எயிச்சிரோ என்பவர் ஊதுவத்தியாகச் செய்தார். 1890-ல் வந்த அந்தக் குச்சி 40 நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். தூங்குகிறவன் 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கொளுத்துவானா? அவர் மனைவி யூகிதான் பாம்பு சுருண்டு கிடப்பது போலச் சுருட்டிவிடலாமே என்று யோசனை சொன்னதாகச் சொல்வார்கள். 1902-ல் சுருள் விற்பனைக்கு வந்தது. ஒரு சுருள் ஏழு மணி நேரம் எரியும், ஒரு முழுத் தூக்கம். மார்க்கெட்டிங் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய உதாரணம் இது. சரக்கு அதேதான், வடிவம் மட்டும் மாறியது. ஆனால் அணைக்கரையில் காற்றடிக்கும்போது சுருளை நம்பினால் புகை ஒரு பக்கம் போகும், கொசு மறுபக்கம் வரும்.

மேலே பூசுகிற மருந்து வந்தது ராணுவத்தால். காட்டுச் சண்டையில் குண்டடி பட்டவர்களைவிடக் காய்ச்சலில் விழுந்தவர்கள் அதிகம் என்ற அனுபவத்தில் அமெரிக்க ராணுவம் தேடிக் கண்டுபிடித்து 1946-ல் பயன்படுத்தத் தொடங்கியதுதான் டீட். 1957-ல் பொதுமக்களுக்கும் வந்தது. இது கொசுவைக் கொல்லாது, மனிதனைக் கண்டுபிடிக்க விடாமல் குழப்பும். நம் ஊர் ஓடோமாஸில் இருப்பது இதற்கு உறவான இன்னொரு பொருள்.

டி.டி.டி.யின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சுதந்திரம் வந்த 1947-ல் இந்தியாவில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசியத் திட்டம் ஆரம்பித்தார்கள். 1965 வாக்கில் அது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் என்று இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று கை ஓய்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டது. 1976-ல் மறுபடி 64 லட்சம் பேர். அதன் பிறகு பல வருடப் பாடுபட்டு மீண்டும் குறைத்திருக்கிறார்கள்.

இன்று தமிழ்நாட்டில் வெளியே தங்குகிறவனுக்கு முதல் பயம் மலேரியா இல்லை, டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்து கொஞ்ச நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முந்தின இரண்டு மணி நேரத்திலும் அதற்கு வேட்டை. ஓஸ்தியாக் குடிசைக்காரர்களின் 'பொழுது சாய்ந்தால் உள்ளே' விதி இதனிடம் பலிக்காது. முழுக்கை, முழுக்கால் சட்டை, வெளிர் நிறத் துணி, திறந்த இடத்தில் மருந்துப் பூச்சு, தூங்கும்போது வலை என்று எல்லாம் சேர்ந்தால்தான் உண்டு. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டவேண்டும் என்பது பல பேருக்குத் தோன்றுவதே இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் ஆயக்குடி வழியாகப் பழனிக்குப் போகும் சாலையைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். செட்டிநாட்டிலிருந்து காவடியோடு வரும் நகரத்தார் உட்பட ஆயிரக்கணக்கான பேர் நாள் கணக்கில் நடந்து வருகிறார்கள். மண்டபம், கடைவாசல், தோப்பு, சாலையோரம் என்று கிடைத்த இடத்தில் ஒரு துண்டை விரித்துப் படுக்கிறார்கள். அன்னதானப் பந்தலில் சோறு கிடைக்கும், மோர் கிடைக்கும், கால்வலித் தைலம்கூடக் கிடைக்கும். தை மாதக் குளிருக்குத் தலையோடு இழுத்துப் போர்த்திய வேட்டிதான் அவர்களுடைய கொசுவலை. ஹெரோடோட்டஸ் சொன்ன மாதிரி, துணிக்கு மேலேயே கடிக்கிற கொசு இங்கேயும் உண்டு.